ஒற்றை மஞ்சள் பல்

போன வாரம் கிளட்ச் சாரைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம் மனிதர், ஒரு வாரமாக வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நிற்கிறார். முதலில் அவரை வெளியே கொண்டுவருவோம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் அவர் இருபத்தெட்டு வருடமாக வாத்தியார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் வந்தது. பள்ளி வாசலில் புதுப் பலகை வைக்கப்போகிறார்கள். அதில் அவர் முகம்தான், ஆள் உயரத்துக்கு. முகத்துக்குக் கீழே ஒரு வரி: "இருபத்தெட்டு வருடம். ஒரு கீறல்கூட இல்லை."

முதல் தடவை படம் எடுக்க வந்த போட்டோக்காரர், "சார், கொஞ்சம் வாயை மூடிச் சிரிங்களேன்" என்று சொல்லிவிட்டார். பல்லெல்லாம் தேநீர்க் கறை. அந்த ஒரு வார்த்தை சாரைச் சுட்டுவிட்டது. ஆன்லைனில் ஒரு டப்பா வந்து இறங்கியது. உள்ளே ஜெல், வாய்க்குள் வைக்கிற தட்டு, நீல வெளிச்சம் அடிக்கிற விளக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பத்து நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு பல்லை வெளுக்கிறார். இன்று நாலு மணிக்கு மறுபடி படம்.

"உள்ள அப்படி என்னதான் பண்றீங்க? அரை மணி நேரமாச்சு!" வெளியிலிருந்து அம்மா கதவைத் தட்டினாள். அம்மா என்றால் சாரின் மனைவி. இந்தக் கதையில் மகள் எப்படிக் கூப்பிடுகிறாளோ, நானும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டு போகிறேன்.

கதவு திறந்தது. சார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கையை எடுங்க."

"ம்ஹும்."

"எடுங்கன்றேன்ல!"

எடுத்தார். மேல் வரிசை முழுக்கப் புதுப் பீங்கான் மாதிரி பளிச்சென்று இருந்தது. நட்ட நடுவில் முன்பல் ஒன்று மட்டும் பழைய தேநீர் நிறத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஈறு வெந்து வெளுத்துக் கிடந்தது.

"இது ஒண்ணு மட்டும் பிடிவாதமா நிக்குதுடி. மத்த பல்லுக்கு இருபது நிமிஷம்னா இதுக்கு ஒரு மணி நேரம் வெச்சேன். நாலு நாளா இதுக்கு மட்டும் தனியா வெச்சேன். எரியுதே தவிர, ஒரு மாற்றமும் இல்ல."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிப்போனது.

"அது எப்படிங்க வெளுக்கும்? அது உங்க பல்லா?"

சார் அப்படியே நின்றார். மெதுவாக நாக்கு நுனி போய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தது. கேப். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் செய்து மேலே மாட்டிய பொய்ப்பல் உறை.

மறந்தே போயிருந்தார். நம்பக் கஷ்டம்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி இருபத்தைந்து வருடம் வாயே திறக்காமல் இருந்து பாருங்கள், வாய்க்குள் இருப்பதுகூட மறந்துவிடும்.

"நம்ம பொண்ணு பாத்தான்னா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"பாக்க விடாதீங்க. பல் டாக்டர்கிட்ட வேலை செய்றவ. தூரத்துல நின்னே கேப்புன்னு சொல்லிடுவா. அப்புறம் எப்ப போட்டது, எதுக்குப் போட்டதுன்னு ஆரம்பிச்சா..." அம்மா முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அந்தப் பல் எப்படிப் போனது என்பது இந்த வீட்டில் இரண்டே பேருக்குத் தெரியும்.

மகள் கூடத்தில் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. ஏழு மாதக் குழந்தையோடு பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். இதுவரை அம்மா விடுப்பு எடுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு அம்மாதான் மேற்பார்வை. அந்த விடுப்பு இன்றோடு சரி. திங்கட்கிழமை முதல் குழந்தை காப்பகத்துக்குப் போக வேண்டும். கடைசி ஒரு இடம் இருக்கிறது. ஐந்தரைக்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும்.

"சித்தி பாத்துக்கிறேன்னு சொன்னாளே..." அம்மா மெல்ல இழுத்தாள்.

"அம்மா, விளையாடாத. என் புருவத்தைப் பாரு." மகள் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. "எனக்குப் போட்டது போதாதா?"

இது அந்தக் குடும்பத்தின் பழைய வேடிக்கை. மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, பதினெட்டு வயதுப் பெண்ணாக இந்த வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் அசந்து தூங்கிவிட்டாள். குழந்தை உருண்டு விழுந்தது. புருவத்தில் நாலு தையல். அன்று முதல் எந்த வீட்டு விசேஷமானாலும், எவர் கையில் புதுக் குழந்தை இருந்தாலும், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "சித்திகிட்ட மட்டும் குடுத்துடாதீங்கப்பா!" எல்லாரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள்.

சிரித்துவிட்டுத் தரையில் உட்காருவாள். அதைக் கவனித்தவர்கள் குறைவு. குழந்தையை வாங்க வேண்டுமென்றால் சித்தி முதலில் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் கையை நீட்டுவாள். தவறி விழுந்தாலும் உயரம் இருக்காது இல்லையா? பகலில் அவள் கண்ணயர்ந்து யாரும் பார்த்ததில்லை. பார்சல் பிரிக்கிற இடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்தும்கூட, குழந்தை இருக்கிற வீட்டில் படுக்கவே மாட்டாள்.

அப்படிப்பட்டவள் முந்தாநாள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக்கூத்தாடி திங்கட்கிழமையிலிருந்து மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டு, நேற்று போனில் கேட்டாள்: "பாப்பாவை நான் பகல்ல பாத்துக்கட்டுமா? தூங்க மாட்டேன். சத்தியமா தூங்க மாட்டேன்."

மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "ஐயோ சித்தி, என்னைப் போட்டது போதும். என் பிள்ளையையாவது விட்டுடு!"

சித்தி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். சார் சோபாவில் உட்கார்ந்தபடி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

இன்று காலை மகள் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "அப்பா, இன்னிக்குப் போட்டோவா? சிரிங்க பாப்போம்" என்றாள்.

சார் வாயை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.

இன்றைய காலை வகுப்பு ஒரு தையல்காரப் பெண்மணிக்கு. கிளட்ச் சார் கிளட்ச் என்று சொல்லாத முதல் வகுப்பு அது. வாயைத் திறக்கப் பயந்து கையாலேயே சைகை காட்டினார். வண்டி மூன்று இடத்தில் குலுங்கி நின்றது. பின்னால் நின்ற பேருந்துக்காரர் ஹாரனை விடவில்லை.

"என்ன சார் நீங்க, கிளட்சுன்னு சொல்லவே மாட்டேங்கிறீங்க?" அந்தப் பெண்மணிக்கு அழுகை வந்துவிட்டது. "சொன்னாத்தானே மிதிப்பேன்! பல்வலியா சார்?"

"ம்."

"எங்க தெருவுல ஒரு பல் டாக்டர் இருக்காரு, தங்கமான கை."

அந்தத் தங்கமான கையிடம்தான் இவருடைய மகள் வேலை பார்க்கிறாள். இந்தக் கேப்பைப் போட்டதும் அதே கைதான். மகளுக்கு அந்த வேலை கிடைத்தபோது சாருக்குக் கொஞ்சம் பகீரென்றது உண்மை. இரண்டு நாளில் அதையும் மறந்தார்.

வாத்தியாருக்கென்று காரில் வைத்த தனிக் கண்ணாடியில் உதட்டை லேசாக விலக்கிப் பார்த்தார். வெயிலில் இன்னும் மோசமாகத் தெரிந்தது. வெள்ளைச் சுவரில் ஒரு செங்கல் மட்டும் பூசாமல் விட்ட மாதிரி.

ஒன்றேகாலுக்கு மகள் குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போவாள். நாலு மணிக்குள் வேறு டாக்டரைத் தேட நேரமில்லை, அந்த நேரமாகப் பார்த்து அதே கிளினிக் வாசலில் இறங்கினார். வழக்கமான இடத்தில் அவள் ஸ்கூட்டர் இல்லை. அப்பாடா என்று உள்ளே போனார். ஸ்கூட்டர் பின்பக்க நிழலில் நின்றது அவருக்கு எப்படித் தெரியும்?

"வாங்க வாங்க, உக்காருங்க!" டாக்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் மட்டும் கல்லூரிப் பையன் குரல். "என்ன பிரச்னை?"

"ஒரு பல்லு மட்டும்... நாலு மணிக்குள்ள கொஞ்சம் வெள்ளையாக்கணும் டாக்டர்."

உள்ளறைத் திரை விலகியது. முகமூடியும் கையுறையுமாக மகள் வந்து நின்றாள். ஒரு நோயாளிக்கு வேர்ச் சிகிச்சை இழுத்துவிட்டதால் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

"அப்பா? என்னாச்சு?"

சார் நாற்காலியிலிருந்து எழப்பார்த்தார். டாக்டர் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். நாற்காலி அவரோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தது.

"இவ வேண்டாமே டாக்டர்..."

"அவ இல்லாம எப்படி? எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான். ஆ காட்டுங்க."

காட்டினார். வேறு வழி?

விளக்கு நேராக வாய்க்குள் விழுந்தது. மகள் குனிந்து பார்த்தாள். அம்மா சொன்னது சரிதான், ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அப்பா, இது கேப்! முன்பல்லுல கேப்பா? எனக்குத் தெரியவே தெரியாதே! ஈறையெல்லாம் இப்படிப் பொசுக்கி வெச்சிருக்கீங்களே, என்ன போட்டீங்க?"

"ஜெல்லு..."

"வீட்டுல நீங்களாவா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா!"

டாக்டர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது வெளுக்காது சார். எந்த ஜெல்லுக்கும் மசியாது. உங்க பழைய பல்லோட நிறம் இதுதான். இது இருந்த இடத்துலயே இருக்கு, மத்ததெல்லாம் ஓடிப்போச்சு." சிரித்தார். உடனே பெருமை வந்துவிட்டது. "ஆமா, இது என் கைவேலை மாதிரியில்ல இருக்கு? ஓரம் பாரு, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அசையல. பின்னறையில பழைய அட்டையெல்லாம் இருக்கும். இவர் பேருக்குத் தேடி எடுத்துட்டு வாம்மா. எப்ப போட்டேன்னு பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு டாக்டர்..." சார் படுத்தபடியே கையை ஆட்டினார்.

மகள் அட்டையோடு வந்தாள். மஞ்சளாகி, ஓரம் நைந்திருந்தது. டாக்டர் சட்டைப்பையைத் தடவினார். "என் கண்ணாடி எங்க? சரி, நீயே படி."

அவள் படித்தாள். தேதியைப் படித்தாள். "கார் விபத்து. நோயாளி ஓட்டிச் சென்ற கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. ஸ்டியரிங்கில் அடிபட்டு மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்தது..."

"கார் விபத்தா?" அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"படிம்மா, அடுத்து என்ன எழுதியிருக்கேன்?"

"முன்னிருக்கையில் மனைவியின் மடியில் இருந்த... ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு..."

நின்றுவிட்டாள். உதடு மட்டும் முகமூடிக்குள் அசைந்தது. பிறகு, எனக்கே ஆச்சரியம், மீதியையும் படித்தாள். "...இடது புருவத்தில் வெட்டுக்காயம். தையலுக்கு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது."

டாக்டர் மெல்லத் தலையைத் திருப்பினார். முகமூடிக்கு மேலே அவள் முகத்தில் தெரிந்தது கண்ணும் புருவமும்தான்.

"மூணு வருஷமா தினமும் எதிர்ல நிக்கிறே," என்றார். "அந்தக் குழந்தை நீயா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அட்டையை மேஜையில் வைத்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "வாய் கொப்பளிங்க" என்றாள். முன்பின் தெரியாத நோயாளியிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

சாருக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஈறு ஆற ஒரு வாரமாகும், அதற்குப் பிறகு புது கேப் போடலாம் என்றார் டாக்டர். அதுவரை? "வாயை மூடிச் சிரிங்க சார்."

மகள் வாசல்வரை கூடவே வந்தாள். முகமூடியைக் கழற்றினாள்.

"சித்தி கட்டில்ல இருந்து போட்டதுன்னு சொன்னீங்களே."

சார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்திக்குத் தெரியுமா?"

சார் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினார்.

"கேக்குறேன்லப்பா. அவங்கதான் போட்டாங்கன்னு அவங்களே நம்பிட்டிருக்காங்களா?"

"ஆமா."

"அப்ப என்னதான் நடந்துச்சு? சொல்லுங்க" என்றாள் மகள்.

சார் அந்த வாசற்படியிலேயே, வெந்த வாயோடு, சொல்லி முடித்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சித்திக்குக் கடுமையான காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்திருந்தாள். குழந்தை அவளைத் தூங்கவிடாது என்று, பள்ளிக்கூடத்துக் காரை முதலாளிக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, ஒரு சுற்றுப் போய்வரலாமென்று கிளம்பினார்கள். கிளினிக்குப் பக்கத்துத் திருப்பத்தில் கம்பம். டாக்டர், மருத்துவமனை, தையல் எல்லாம் முடிந்து, நசுங்கிய காரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு இரவோடு இரவாகச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் எதிரில் முதலாளியம்மா. அவர்கள் வீடு எதிர்வீடு. "ஐயோ, குழந்தைக்கு என்ன?" உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வருடம். "கட்டில்ல இருந்து விழுந்துட்டாம்மா" என்று வாயில் வந்தது.

"யார் பாத்துக்கிட்டா?" என்றாள் முதலாளியம்மா.

"கொழுந்தியா."

அவ்வளவுதான் சொன்னார். முதலாளியம்மா நேராக உள்ளே போய்ச் சித்தியை உலுக்கி எழுப்பினாள். "பக்கத்துல குழந்தை விழுந்து மண்டை உடைஞ்சிருக்கு, இப்படியா தூங்குவே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" காய்ச்சல் மயக்கத்தில் கண் விழித்த பதினெட்டு வயதுப் பெண், கட்டுப் போட்ட குழந்தையைப் பார்த்தாள்.

"அவங்க போனதும் சொல்லிடலாம்னு பாத்தோம். அவ அழுதுட்டே இருந்தா. வெளியில உளறிட்டான்னா வேலை போயிடுமேன்னு... நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..."

"எந்த நாளைக்குப்பா?" மகளின் குரல் உடைந்தது. "அந்தப் பழைய முதலாளி செத்தே ஒம்பது வருஷமாச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நேத்து நான் போன்ல என்ன சொன்னேன்? என் பிள்ளையையாவது விட்டுடுன்னு சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்க!"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆறு மணிக்குச் சித்தியை வீட்டுக்கு வரச் சொல்றேன்," என்றாள் மகள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நாலு மணி. பள்ளியில் நீலத் திரை கட்டியிருந்தார்கள். சின்ன முதலாளி, பழைய முதலாளியின் மகன், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முகம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில்.

"அப்பா இருந்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாரு சார். உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."

"தம்பி, அந்த வரி..."

"என்ன சார், எழுத்து இன்னும் பெரிசா வேணுமா?"

இதோ, இதுதான் நேரம். ஒரே ஒரு வாக்கியம். வேலை போகாது, லைசென்ஸ் போகாது, யாரும் அடிக்கவும் போவதில்லை. சார் வாயைத் திறந்தார். போட்டோக்காரர் அந்த மஞ்சள் பல்லைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதை சாரைக் கூனிக் குறுக வைத்தது.

"ஒண்ணுமில்ல தம்பி. சரியாத்தான் இருக்கு."

உதட்டை ஒட்டிக்கொண்டு சிரித்தார். ஃப்ளாஷ் அடித்தது. திங்கட்கிழமை காலை பலகை ஏறும் என்றார்கள். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வருகிறது, என்ன செய்ய?

ஆறு மணிக்குச் சித்தி வந்தாள். நாற்பத்துமூன்று வயது, பார்சல் டேப்பின் பிசின் ஒட்டிய விரல்கள், இரண்டு கையிலும் பை. குழந்தைக்குத் துணி, ஒரு கிலுகிலுப்பை. கிலுகிலுப்பை ரப்பரில் செய்தது. விழுந்தாலும் அடிபடாதது.

"எதுக்கு அவசரமா வரச் சொன்னே? ஃபாரம் கொடுத்தாச்சா? நல்ல இடம்தானே அது? நான் விசாரிச்சேன், நல்லாப் பாத்துக்கிறாங்களாம்." மூச்சு விடாமல் பேசினாள். அவளைத்தான் வேண்டாமென்றார்கள், அவளே போய் அந்த இடத்தை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையிலிருந்த ஃபாரம் பையிலேயே இருந்தது. ஐந்தரை மணிவரை கிளினிக்கில் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நேராக வந்திருந்தாள்.

அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மகள் வந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

சித்தி பைகளை வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். "வா செல்லம்."

"நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும்மா," என்றார் சார்.

"என்ன மாமா, வாயெல்லாம் இப்படி வெந்து கிடக்கு?" சித்தி பதறி எழுந்தாள். "சூடா எதையாவது குடிச்சுட்டீங்களா? இருங்க, உப்புத் தண்ணி கொண்டு வரேன். கொப்பளிச்சா எரிச்சல் குறையும்."

சமையலறைக்கே போய்விட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம் கேட்டது. மத்தியானம் மகள் திட்டியதுகூடச் சாருக்கு இந்த அளவு வலிக்கவில்லை.

அவள் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"குழந்தையை நீ போடலம்மா."

"எந்தக் குழந்தையை?"

"இவளை. அன்னிக்கு. நான் கார்ல கொண்டுபோய் கம்பத்துல மோதினேன். என் பல்லு அதுல போனதுதான். இவளுக்கு அடிபட்டதும் அதுலதான். நீ... உனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ தூங்கிட்டு இருந்தே."

சித்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். யாரோ வேடிக்கை பண்ணுகிறார்கள் என்று நினைத்தவள் போல முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பழகியது அதுதானே.

"நான் தூங்கினப்போ குழந்தை என் பக்கத்துல..."

"இல்லவே இல்ல. உன்னைத் தூங்கவிடணும்னுதான் தூக்கிட்டுப் போனோம்."

பிறகு சித்தி சொன்னாள், யாரிடமும் இல்லாமல், டம்ளரிடம் சொல்வது போல: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கும் மாமா. குழந்தை தரையில விழுற சத்தம். வேலைல, பஸ்ல, எங்கயாவது கண்ணை மூடினா கேக்கும். நடக்காத ஒண்ணு எனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

சார் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். மகள் எழுந்துபோய்ச் சித்தியின் தோளைத் தொட்டாள். "சித்தி, நேத்து நான் பேசினதுக்கு... எனக்கு வெக்கமா இருக்கு சித்தி. இத்தனை வருஷமா நான் பேசினது எல்லாத்துக்கும். ஃபாரத்தை நான் குடுக்கல. நீ வருவியா?"

கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லித்தான் சித்திக்குப் பழக்கம். இன்று அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பிறகு மூலைக்குத் திரும்பினாள். "அக்கா. உனக்கும் தெரியுமா?"

அம்மாவின் வாய் அசைந்தது. "பாப்பாவுக்குப் பால் நேரம்..."

"கார்ல நீயும் இருந்தேல்ல? உன் மடியிலதானே?"

அம்மா தலையை ஆட்டினாள். "அந்தம்மா உன்னைத் திட்டினப்ப நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்," என்றாள்.

சித்தி டம்ளரை மேஜையில் வைத்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து நடுக் கூடத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"கொடு."

அம்மா குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். வைத்தவள், குழந்தைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம். சித்தி எந்தக் குழந்தையை வாங்கினாலும், கீழே யாராவது ஒருவர் கை எப்போதும் இருக்கும். உண்மை தெரிந்த கையும் அதையே செய்தது.

சித்தி அந்தக் கையைப் பார்த்தாள்.

"கையை எடு, அக்கா."

அம்மா எடுத்தாள்.

குழந்தை சித்தியின் விரலில் ஒட்டியிருந்த டேப்பைப் பிடித்து இழுத்தது. அவள் விரலைக் கொடுத்தாள். குனிந்தபடியே கேட்டாள்:

"பலகை எப்ப ஏறுது மாமா?"

"திங்கக்கிழமை."

"அந்தக் கீறல் இல்லன்ற வரி? எடுத்துடச் சொல்லிட்டீங்கல்ல?"

சார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த ஒன்றே பதிலாகிப்போனது.

"சரி," என்றாள் சித்தி. "திங்கக்கிழமை பலகை ஏத்துற இடத்துக்கு நானும் வரேன்."